கலியமூர்த்திக்கு ஊற்றிய பிராந்தி

பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு என் கையாலேயே பிராந்தி கொடுத்திருக்கிறேன். ஒரு மடக்கு இரண்டு மடக்கு அல்ல. காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும். அதுவும் மாநிலம் முழுக்க மதுவிலக்கு இருந்த காலத்தில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஏட்டு என்ற பதவியில் இருந்துகொண்டு. சிரிப்பு வருகிறதா? வரட்டும்.

புதிதாகப் போலீஸில் சேர்ந்து போன வாரம் என்னைப் பார்க்க வந்த உங்களில் ஒரு தம்பி, "ஐயா, சின்னப் பசங்க குடிக்கிறதெல்லாம் ஒரு கேஸா? நாலு தட்டு தட்டி வீட்டுக்கு விரட்டிட வேண்டியதுதானே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிள்ளையை வைவானேன் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் வளவளவென்றுதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நெய்வேலிக்கு மாற்றலாகி வந்தபோது ஊர் இன்னும் ஊராகவில்லை. ஒரு பக்கம் சுரங்கத்தில் பெரிய பெரிய மெஷின்கள் மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருக்கும். மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், நாகர்கோவில்காரர் என்று எல்லா ஜில்லாவும் அங்கே குடியேறிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்துக் கிராம ஜனங்களுக்கு அதில் கான்ட்ராக்ட் வேலை. நேற்றுவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள் இன்றைக்குச் செங்கல் சுமந்தார்கள். அவர்கள் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான்: பெர்மனென்ட். மகன் எப்படியாவது பெர்மனென்ட் ஆகிவிட வேண்டும். அதற்கு வயது வர வேண்டும், போலீஸ் விசாரணையில் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிப்பதே அன்றைக்குக் குற்றம். ஆனால் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் புதுச்சேரி. அங்கே கடை திறந்தே கிடக்கும். சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு வருவார்கள். மேலே பால் இருக்கும், அடியில் பிராந்தி பாட்டில் இருக்கும். இவர்களைப் பிடிப்பதுதான் எங்களுக்கு முழுநேர வேலை. பெரியவர்களைப் பிடிப்பது சுலபம். தள்ளாடிக்கொண்டு அவர்களே நம் மேல் வந்து மோதுவார்கள். பையன்கள்தான் கஷ்டம். "ஊதுடா" என்றால் ஊதுவான்கள். கொய்யா இலை வாசனை அடிக்கும். கொய்யா இலையை மென்றால் வாடை தெரியாது என்று எவனோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். கொஞ்ச நாளில் எங்களுக்குச் சாராய வாடையே தேவைப்படவில்லை, கொய்யா வாசனை வந்தாலே பிடரியைப் பிடித்துவிடுவோம். என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் என் மனைவி ஆசையாக ஒரு கொய்யாக் கன்று வைத்திருந்தாள். அது துளிர்க்கத் துளிர்க்க மொட்டையாகிக்கொண்டே இருந்தது. ஆடு கடிக்கிறது என்று அவள் வேலி கட்டினாள். ஆடா அது! ஏட்டு வீட்டுக் கொய்யா இலையை மென்றுவிட்டு ஏட்டு முன்னாலேயே வந்து நின்று ஊதியிருக்கிறான்கள், படவாப் பயல்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸ் கதவுக்கும் அலமாரிக்கும் பாலிஷ் போடுவார்கள். பாலிஷ் கலக்க ஸ்பிரிட் வேண்டும். குடித்தால் ஆளைக் கொல்கிற ஸ்பிரிட் அது. கான்ட்ராக்டர் அதற்குப் பர்மிட் வைத்திருப்பார். நாங்கள் போய்ப் பர்மிட்டைப் பார்ப்போம், கொட்டகைக்குப் பூட்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்போம், திரும்பி வருவோம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வரிசை வீடு முடிந்து சாவி ஒப்படைக்கிற நாளில், கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டி துண்டு கிடைக்கும். பாலிஷ்காரர்களுக்கு டின்னில் மீந்த ஸ்பிரிட். சாவி நாள் என்று அதற்குப் பெயர். எதையோ போட்டு வடிகட்டினால் விஷம் போய்விடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை வேறு. புதிதாகத் தொழில் கற்றுக்கொண்ட பையன் இருந்தால், "இன்னையிலேருந்து நீயும் பாலிஷ்காரன்டா" என்று மேஸ்திரி முதல் கிளாஸை அவன் கையில் கொடுப்பார். வேண்டாம் என்றால் கேலி. பதினைந்து வயதில் கேலியைத் தாங்குகிறவன் யார்?

ஒரு நாள் காலை நான் ஸ்டேஷனில் தனியாகத்தான் பொறுப்பில் இருந்தேன். சப் இன்ஸ்பெக்டர் ஒரு கேஸ் விஷயமாகக் கடலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, "டாக்டரம்மா கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றார்.

போனேன். கட்டிலில் ஒரு பையன் கிடந்தான். கலியமூர்த்தி என்று பெயர். அவன் அம்மா அஞ்சலை, கட்டட வேலையில் சித்தாள். மணல் சட்டியோடு தினம் நான் பார்க்கிற முகம். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இந்த ஒரே பிள்ளைதான். அவன் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போயிருந்தான். கண் மட்டும் அகலத் திறந்திருந்தது. டாக்டரம்மா அவன் முகத்துக்கு முன்னால் கையை அசைத்தார். கண் அந்தக் கையோடு போகவில்லை.

"எப்படிப்பா தெரியுது?" என்று கேட்டார்.

"பொகையா இருக்குதுங்க. ஒரே வெள்ளப் பொகையா."

அஞ்சலை குறுக்கே விழுந்தாள். "ராவு கருவாட்டுக் கொழம்பு துன்னாங்க. அதான் ஒத்துக்கல. வேற ஒண்ணும் இல்லீங்க ஏட்டையா." என் காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே அவள் முந்தானையால் மகன் வாயைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

நான் குனிந்து அவன் முகத்தருகே போனேன். கொய்யா இலை. நகக்கண்ணெல்லாம் பாலிஷ் பழுப்பு ஏறிக் கிடந்தது.

"அஞ்சல, நேத்து சாவி குடுத்தாங்களா?"

"ஆமாங்க, ரெண்டு வரிசைக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நான் எதற்குக் கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள குடிக்கிறவன் இல்லீங்க. கேஸு போட்டுடாதீங்க. இன்னும் மூணு வருசம் போனா அவன் பெர்மனென்ட் ஆயிடுவான். நான் அதுக்குத்தான் உசுர வெச்சிக்கினு கெடக்குறேன்."

டாக்டரம்மாவிடம் பாலிஷ் ஸ்பிரிட் என்று சொன்னேன். அவர் சந்தேகப்பட்டதும் அதைத்தான், முகம் இருண்டுவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வயதில் என்னைவிடச் சிறியவர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்:

"இந்த விஷம் முதல்ல கண்ணை வாங்கும். அப்புறம் உயிரை. இதுக்கு ஒரு மருந்து உண்டு, கேட்டா நீங்க என்னைப் பைத்தியம்னு நினைப்பீங்க. நல்ல சாராயம். உடம்பு அதை முதல்ல எடுத்துக்கிடும். அதுவரைக்கும் விஷம் வேலை செய்யாம வெளியே போயிரும். இங்க இருந்ததை ஊசி வழியா ஏத்த ஆரம்பிச்சிருக்கேன், அது இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். கடலூருக்குச் சொல்லியாச்சு, வந்து சேர சாயங்காலம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. கள்ளச் சாராயம் ஆகாது. கம்பெனி மூடி பிரிக்காத பாட்டில் வேணும். இந்த ஊர்ல அது யார்கிட்ட இருக்கும் ஏட்டையா?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊர்ல அது எங்கிட்டதாம்மா இருக்கு" என்றேன்.

இருந்தது. பால் கேன்காரன் ஒருவனிடமிருந்து பிடித்த புதுச்சேரி பிராந்தி. அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டில் காட்டுவதற்காக ஸ்டேஷன் அறையில் பூட்டி வைத்திருந்தோம். தம்பிகளா, கேஸ் சொத்தின் முத்திரையை உடைப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டு தொண்டிப் பொருளைக் குடித்துத் தீர்த்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும், என் வேலை போய்விடும். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். கோர்ட் உத்தரவு வாங்கலாம் என்றால் அதற்குள் பையனின் கண் போய்விடும். மேலதிகாரியைக் கேட்கலாம் என்றால் அவர் கோர்ட்டில் நின்றுகொண்டிருக்கிறார். இன்றைக்குப் போல் பாக்கெட்டிலா போன் இருந்தது!

அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தேன். பயந்துதான் எடுத்தேன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் உடைக்கவில்லை. முத்திரையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டரம்மா, நர்ஸம்மா, அஞ்சலை மூவர் முன்னாலும் வைத்து, எதற்காக உடைக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லி, எழுதி, கையெழுத்தும் ரேகையும் வாங்கிக்கொண்டு உடைத்தேன். விதியை மீறித்தான் ஆக வேண்டும் என்கிற நாள் ஒன்று உங்களுக்கும் வரும். அன்றைக்கு நாலு பேர் பார்க்க மீறுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால், செய்தது நல்லதாகவே இருந்தாலும் உங்களால் நிமிர்ந்து நிற்க முடியாது.

டாக்டரம்மா அளந்து, தண்ணீர் கலந்து நீட்டினார். அஞ்சலை பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இந்தச் சனியனக் குடிச்சித்தான இப்பிடிக் கெடக்குறான். மறுக்காவும் அதையே ஊத்துறீங்களே, நல்லா இருப்பீங்களா?" டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அஞ்சலைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க ஏட்டையா. ஊரு ஊரா இதப் புடிச்சி ஒடச்சிக்கினு கெடக்குறவரு நீங்கதான். எம்புள்ளைக்கு இதக் குடுக்கலாமா?"

 டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். "குடுக்கலாம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே குடுங்க."

அப்படித்தான் நான் கொடுத்தேன். முதல் ஸ்பூனைக் கலியமூர்த்தி துப்பினான். "முழுங்குடா கண்ணு" என்றேன். என் பிள்ளைகளைக்கூட நான் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அவன் முழுங்கினான்.

கொஞ்சம் மூச்சு சீரானதும், கூட யார் குடித்தது என்று கேட்டேன். டாக்டரம்மா அதைத் தெரிந்துகொள்ளத்தான் துடித்துக்கொண்டிருந்தார். கூடக் குடித்தவர்களுக்கும் இதே கதிதான். ஒருவனுக்கு முன்னே தெரியும், இன்னொருவனுக்குப் பின்னே தெரியும். கலியமூர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "மேஸ்திரி ஊத்திக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாரு. வேற ரெண்டு பேரு. பேரு சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்." கண் தெரியாமல் கிடக்கிறான், அந்த நிலையிலும் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மாட்டானாம். எனக்குக் கோபமும் வந்தது, அவன் மேல் ஆசையும் வந்தது.

ஸ்பூனை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாலிஷ் வேலைக்காரர்கள் குடியிருந்த மந்தாரக்குப்பம் பக்கத்துக் குடிசைகளுக்குச் சைக்கிளை மிதித்தேன். தெருக்குழாயில் பெண்கள் கூட்டம். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு, பிள்ளை யாருக்காவது கண் மங்கினால், வாந்தி இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், கேஸ் கிடையாது என்று சொன்னேன்.

தைலம்மா என்று ஒருத்தி. கிட்டே போனால் தீப்பிடிக்கிற வாய். குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கேஸு கெடையாதா? போன மாசம் எங்க மச்சான இதே மாதிரிதான, சும்மா வா பேசிட்டு அனுப்பிடுறேன்னு கூட்டிக்கினு போனீங்க? இன்னும் வூடு வந்து சேரல. இங்க எந்தப் புள்ளையும் குடிக்கல. சைக்கிள எடுத்துக்கினு நடங்க."

 அவள் சொன்னது உண்மை. போலீஸ்காரன் வாக்குக்கு அந்தத் தெருவில் மதிப்பில்லை என்றால் அது அந்தத் தெருவின் குற்றம் இல்லை. மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். ஒருத்தியும் அசையவில்லை.

அப்போது அஞ்சலை வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். புடவையில் பிள்ளையின் வாந்தி அப்படியே இருந்தது. அக்கம்பக்கம் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குழாயடிக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்:

"எம்புள்ள குடிச்சாண்டி. பாலிஷு சாராயம் குடிச்சான். எனக்குத் தெரியும், நான்தான் கருவாடுன்னு பொய் சொன்னேன். அவனுக்குக் கண்ணு தெரியல. அம்மா நீ எங்க இருக்கேன்னு பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கற என்னையே கேக்குறான். பெர்மனென்டும் வேணாம், ஒரு மயிரும் வேணாம். கூடக் குடிச்ச புள்ளைங்கள மறச்சி வெக்காதீங்கடி. இந்த ஏட்டையாவ நம்பித்தான் எம்புள்ளைய ஒப்படைச்சிருக்கேன்."

அவ்வளவு ஜனத்துக்கு முன்னால், போலீஸ்காரன் நிற்கும்போது, பெற்ற மகன் குடித்தான் என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசையைத் தூக்கித் தெருவில் போட்டாள். என் சர்வீஸில் பதக்கம் வாங்கினவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

தைலம்மா குடத்தைக் கீழே வைத்தாள். குடிசைக்குள் போனாள். தன் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் தலைவலி என்று காலையிலிருந்து படுத்துக் கிடந்திருக்கிறான். மூன்றாவது பையன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதை அவன் சொன்னான். இரண்டு பேரையும் என் சைக்கிளிலும் ஒரு மாட்டு வண்டியிலும் ஏற்றினோம். அவர்களுக்குப் பார்வை போகும் முன்னாலேயே மருந்து உள்ளே போனது. மூன்று கட்டிலுக்கும் மாற்றி மாற்றி ஊட்டினோம். பையன்களில் ஒருவனுக்கு மப்பு ஏறி, "ஏட்டையா, ஒங்க வூட்டுக் கொய்யாச் செடிய மொட்ட அடிச்சது நான்தாங்க" என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சாயங்காலம் சப் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அதிகம் பேசாத மனிதர், மீசையைத் தடவினால் எங்களுக்கெல்லாம் கதி கலங்கும். நடந்ததைச் சொன்னேன். மீசையைத் தடவினார்.

"நான் இல்லாதப்போ சீலை உடைச்சிருக்கே."

"ஆமாங்கய்யா."

"எத்தனை பாட்டில்?"

"ஒண்ணுதாங்கய்யா."

"மூணு பையன், ஒரு பாட்டில். போதுமான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?"

 அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் போய் டாக்டரம்மாவைக் கேட்டார். கடலூரிலிருந்து மருந்து வந்துவிட்டது, போதும் என்று அவர் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். என் எழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பையன்கள் பெயர் எந்தக் கேஸிலும் வரக்கூடாது என்றும் அவர்தான் சொன்னார். "குடிச்சவன் குழந்தை. ஊத்திக் குடுத்தவனைப் பிடி." மேஸ்திரியை நெல்லிக்குப்பத்தில் பஸ் ஏறும்போது பிடித்தோம். ஸ்பிரிட்டுக்குக் கணக்குக் காட்டாத கான்ட்ராக்டர் மேலும் கேஸ் போட்டோம்.

பால் கேன் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. மாஜிஸ்திரேட் உடைந்த முத்திரையைப் பார்த்துவிட்டு என்னைக் கூண்டில் நிற்க வைத்து வறுத்தெடுத்தார். அன்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய காகிதத்தை வாசித்த பிறகு குரல் இறங்கியது. மற்றப் பாட்டில்களை வைத்தே பால் கேன்காரனுக்குத் தண்டனை கிடைத்தது. அவனை வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது, "ஏட்டையா, அந்தப் பையனுக்குக் குடுத்தது என் சரக்குங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "புள்ளைக்குக் கண்ணு தெரியுதுங்களா?" என்றான். "இன்னும் சொல்ல முடியாதுப்பா" என்றேன்.

மற்ற இருவரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். கலியமூர்த்தி உயிர் பிழைத்தான். புகை மட்டும் விலகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காத்திருப்போம் என்று டாக்டரம்மா சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். நான் வாரத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்ப்பேன். வாசலுக்கு வரும்போதே, "வாங்க ஏட்டையா" என்பான். அஞ்சலைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். "பார்த்தீங்களா, தெரியுதுங்க அவனுக்கு. நான் தண்ணி கொண்டாந்தாக்கூட சொம்ப எட்டி வாங்கிக்கிறான்."

ஒரு நாள் லீவில், சாதாரணச் சட்டை வேட்டியோடு, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய் நின்றேன். அவன் முகம் என் பக்கம்தான் இருந்தது. அவன் என்னைக் கூப்பிடவில்லை. அப்போதுதான் புரிந்தது, பூட்ஸ் சத்தத்தை வைத்து என்னையும், வளையல் சத்தத்தை வைத்து அம்மாவையும் அடையாளம் கண்டுகொண்டிருந்தான். அம்மா சந்தோஷப்பட வேண்டும் என்று பிள்ளை நடித்துக்கொண்டிருந்தான். நான் சத்தமில்லாமல் வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டே மறுபடி உள்ளே போனேன். "வாங்க ஏட்டையா" என்றான். அஞ்சலையிடம் நான் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அழுதுவிட்டேன்.

அடுத்த சாவி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன ஏற்பாடு செய்யலாம் என்று சப் இன்ஸ்பெக்டரும் நானும் யோசித்துக்கொண்டிருந்தபோது தைலம்மா ஸ்டேஷனுக்கே வந்தாள், பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

"டின்னுல மீந்தத மண்ணுல ஊத்துன்னு நீங்க சொல்லுவீங்க. எவன் ஊத்துவான்? ராவோட ராவா தூக்கிக்கினு பூடுவானுங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறீங்களா? புது வூட்டுக்கு வர்றவங்க மொதல்ல பால் காய்ச்சுறாங்க இல்ல? பம்ப் ஸ்டவ்வப் பத்த வெக்க அவங்களுக்கு ஸ்பிரிட்டு வேணும். மீந்தத அந்தந்த வூட்டு ஸ்டவ்வுக்கு ஊத்திக் குடுத்துடுங்க. பாலிஷு போட்ட பசங்களுக்கு அந்த வூட்டுல மொதல் டம்ளர் பாலு. நாங்க வந்து நின்னு பாத்துக்குறோம். எங்க புள்ளைங்களுக்கு எவன் ஊத்துறான்னு பாக்குறோம்."

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவவில்லை, எழுந்து நின்று கும்பிட்டார். மறுநாளே கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு, போலீஸும் பெண்களும் முன்னால் நின்று டின்னைக் காலி செய்த பிறகுதான் சாவி கைமாற வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். புது வீடு வாங்கினவர்கள் வீட்டுப் பெண்களிடம் தைலம்மா ஆட்களே போய்ப் பேசினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

முதல் சாவி நாளுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். காலை வெயில் ஏறியிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு அந்த வீடு. முற்றத்தில் கோலம் போட்டு, அங்கேயே புது ஸ்டவ்வை வைத்துப் பொட்டு இட்டிருந்தார்கள். அந்த வீட்டுக் கதவுக்கு, கண் மங்குவதற்கு முன்னால், பாலிஷ் போட்டது கலியமூர்த்திதான் என்று அஞ்சலை அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். அவன் நிழலில் கதவைத் தடவிக்கொண்டு நின்றான்.

நான் டின்னிலிருந்து ஸ்பிரிட்டை ஸ்டவ்வில் பர்னருக்கு அடியிலிருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினேன். வீட்டுக்கார அம்மாள் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். நல்ல வெயில். ஒன்றும் தெரியவில்லை.

"பத்திக்கலீங்களே" என்றார் அந்த அம்மாள்.

"காத்துல அணைஞ்சிருக்கும், இப்படிக் குடுங்க" என்று தீப்பெட்டியை வாங்கி, குச்சியைக் கிழிப்பதற்கு முன்னால் கிண்ணத்தில் ஸ்பிரிட் இருக்கிறதா என்று பார்க்க விரலை நீட்டினேன்.

"ஏட்டையா, கைய எடுங்க! எரியுது!"

கத்தினவன் கலியமூர்த்தி. நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். விரல் நுனியில் சூடு பட்டுவிட்டது.

 "எங்கடா எரியுது?" என்றேன். 

"அதோ... நேராப் பாத்தா தெரியல. ஓரத்துல பாத்தா தெரியுது. நீலமா, கொஞ்சூண்டு. ஆடுதுங்க."

ஸ்பிரிட் தீயைப் பகலில் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் நிற்கிற நல்ல கண்ணுக்கே தெரியாது. அதில் சத்தமும் இல்லை, வளையலும் இல்லை. அதைப் பார்ப்பதாக யாரும் நடிக்க முடியாது. நான் தொப்பியைக் கொண்டு வெயிலை மறைத்தேன். நீலமாக, கொஞ்சூண்டு, ஆடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "எம்மூஞ்சி தெரியுதாடா?" என்றாள். "மூக்குத்தி மட்டும் மின்னுதும்மா" என்றான். அவள் வாய்விட்டு அழுதாள். தைலம்மா அவளைத் திட்டிக்கொண்டே தானும் அழுதாள். "இதப் பாருடா, இது என்னா கலரு? இது எத்தினி வெரலு?" என்று ஆளாளுக்கு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும்தான் போனேன். என் சட்டைக் கையிலிருந்த பட்டையைத் தொட்டுக் காட்டி, "இது தெரியுதாடா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதற்கிடையில் அந்த வீட்டுக்கார அம்மாள் எப்போது பம்ப் அடித்தார், எப்போது பாலை வைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. சுர்ரென்று சத்தம் கேட்டுத் திரும்பினோம். பால் பொங்கி, நாலு பக்கமும் வழிந்து, புது ஸ்டவ் அணைந்து போயிருந்தது. அவரும் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இல்லை. எங்களோடு நின்று கலியமூர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.